உனைசியின் மூச்சு

எங்கள் தீவின் ரேவா ஆறு ஊருக்கு முன்னால் அகலமாகத் திரும்பும் இடத்தில், அடிச் சேற்றில் மட்டி கிடக்கிறது. பெண்கள்தான் எடுப்பார்கள். காலால் சேற்றைத் துழாவி, தட்டுப்பட்டதும் முங்கி, விரலால் தோண்டி, இடுப்பில் கட்டிய பையில் போட வேண்டும். பை நிறைந்ததும் மேலே மிதக்கும் டயர் ட்யூபுக்குள் கட்டிய வலையில் கொட்டிவிட்டு மறுபடி முங்குவார்கள். காலையில் இறங்கினால் வெயில் உச்சிக்கு வரும்வரை இதுதான் வேலை. மறுநாள் நவுசோரி டவுன் சந்தையில் குவியல் குவியலாக வைத்து விற்பார்கள்.

இந்த வேலையில் உனைசிக்கு நிகராக எங்கள் ஊரில் யாரும் இருக்கவில்லை. இத்தனைக்கும் அவள் ஆற்றங்கரையில் பிறந்தவள் அல்ல. மலைமேல் ஊரிலிருந்து என் பெரியப்பா மகன் வைசாகேக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அங்கே ஓடைகளில் முழங்கால் தண்ணீர்தான். வந்த புதிதில் ட்யூபை விட்டால் மூழ்கிவிடுவாள். "மலைக்காரி குளிக்க வந்திருக்கா, எல்லாரும் விலகுங்க" என்று மற்ற பெண்கள் கேலி செய்வார்கள். அவளுக்கு ரோஷம் அதிகம். இரண்டே வருஷத்தில் கேலி செய்தவர்களையெல்லாம் மிஞ்சிவிட்டாள். முங்கும்போது பாதியில் விட்ட பேச்சை, மற்றவர்கள் பயப்படும் அளவுக்கு நேரம் கழித்து மேலே வந்து, மூச்சுகூட வாங்காமல் அப்படியே தொடர்வாள் என்று தித்திலியா சொல்வாள். தித்திலியா வைசாகேயின் தங்கை, உனைசிக்கு நாத்தனார். இருவரும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில்தான் முங்குவார்கள். ஒருவரையொருவர் ஏசாமல் ஒரு நாளும் போகாது. எங்கள் ஊரில் அண்ணியும் நாத்தனாரும் ஏசிக்கொள்ளாவிட்டால்தான் ஏதோ மனஸ்தாபம் என்று பேசுவார்கள்.

உனைசிக்கு ஆறு பிள்ளைகள். கடைசிப் பையன் பிறந்த பிறகு அவளுக்கு மாதவிலக்கில் ரத்தப்போக்கு மிக அதிகமாக இருந்தது. ஒரு வாரத்தில் நிற்க வேண்டியது பத்து நாளைத் தாண்டியும் போகும். இது எங்களுக்கெல்லாம் பின்னால்தான் தெரியும். அப்போது அவள் யாரிடமும் சொல்லவில்லை, தித்திலியாவிடம்கூட இல்லை. பழைய வேட்டியையும் துண்டையும் கிழித்து வைத்துக்கொண்டு, விடியுமுன் ஆற்றில் அலசிக் காயப்போட்டுவிடுவாள். பெண்ணாய்ப் பிறந்தால் இப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள்.

வெளியே தெரிந்த முதல் விஷயம் ஐஸ். படகுத்துறையில் ஒரு கடை இருக்கிறது. அங்கே பிளாஸ்டிக் பையில் தண்ணீரை உறைய வைத்து விற்பார்கள். உனைசி அதை வாங்கி, கல்லில் அடித்து உடைத்து, கடைவாய்ப் பல்லால் நறநறவென்று கடித்துத் தின்ன ஆரம்பித்தாள். முதலில் எப்போதாவது. பிறகு தினமும். பிறகு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மழைக்காலத்துக் குளிரிலும் விடவில்லை. சந்தைக்குப் போனால் மீன்காரர்களிடம் ஐஸ் கேட்டு வாங்கித் தின்றாள்.

"அண்ணி, ஏழாவது வந்தாச்சா?" என்று தித்திலியா படகில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"உங்கண்ணன் ராத்திரி முழுக்க யங்கோனா குடிச்சிட்டு விடியக்காலம்தான் வர்றாரு. ஏழாவது எங்கேருந்து வரும், தபால்லயா?"

படகு முழுக்கச் சிரித்தது. ஐஸ் தின்பது ஒரு நோயின் அடையாளமாக இருக்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. நாக்குப் பழக்கம் என்றே நினைத்தோம்.

அடுத்து அவளுடைய கால்கள். படுத்தால் கால் இரண்டும் சும்மா இருக்காது, உள்ளே ஏதோ ஊர்வதுபோல இருக்கும், உதறினால்தான் ஆகும். "என் பொண்டாட்டி தூக்கத்துலயும் ஆத்துலதான் கிடக்குறா, என் முதுகுல நீந்துறா" என்று வைசாகே, ஆண்கள் ராத்திரியில் யங்கோனா வேரை இடித்துக் கரைத்துக் குடிக்கும் வட்டத்தில் சொல்லிச் சிரிக்க வைத்தான். தூக்கம் கெட்டதால் பகலில் எரிந்து விழுந்தாள். அடுப்பில் வைத்த கிழங்கை மறந்து கரியாக்கினாள். பள்ளிக்கூடத்துக்கு ஒரே பிள்ளையை இரண்டு முறை தலைவாரி அனுப்பி, இன்னொன்றை வாராமல் அனுப்பினாள். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. நகங்கள் நடுவில் குழிந்து, ஓரம் மேலெழும்பி, மட்டியைத் தோண்டும்போது பிளந்துகொண்டன.

எங்கள் கிறிஸ்தவக் கோயில் பாட்டுக்குழுவில் நான் அவளுக்குப் பின்னால், ஆண்கள் வரிசையில் நிற்பவன். எங்கள் பாட்டுகளில் பெண்கள் ஒரு நீளமான இழுப்பை உடையாமல் பிடித்து நிற்க வேண்டிய இடங்கள் உண்டு. அங்கெல்லாம் உனைசியை நம்பித்தான் மற்றவர்கள் மூச்சு எடுத்துக்கொள்வார்கள். அந்த வருஷம் அவள் இழுப்பு நடுவிலேயே அறுந்தது. பாட்டு நடத்துபவர் நிறுத்தி, மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். மறுபடியும் அறுந்தது. அவள் புத்தகத்தை பெஞ்சில் வைத்துவிட்டு, தொண்டை சரியில்லை என்று வெளியே போனாள். அவள் கழுத்து நரம்பு படபடவென்று துடிப்பது பின்வரிசையில் இருந்த எனக்குத் தெரிந்தது. நான் ஒன்றும் நினைக்கவில்லை.

ஆற்றிலும் அதே கதை. முன்பெல்லாம் கடைசியாக மேலே வருபவள் இப்போது முதல் ஆளாக வந்தாள். "இங்க எல்லாம் பொடி மட்டி" என்று சொல்லி ட்யூபைப் பிடித்துக்கொண்டு மிதப்பாள். கொஞ்ச நேரத்தில் "தண்ணி கலங்கிக் கிடக்கு" என்பாள். குவியல் சிறுத்தது. அதை ஈடுகட்ட வீட்டுக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டிருந்த கொஞ்ச மட்டியையும் சந்தைக்கு அனுப்பினாள். வீட்டில் மரவள்ளிக்கிழங்கும், பாக்கெட் நூடுல்ஸும், கறுப்புத் தேநீரும்தான். பிள்ளைகளுக்கு டப்பா மீன் இருந்தால், குழம்பில் அவள் பங்கு வெறும் சாறு.

ஊர் பேசத் தொடங்கியது. சோம்பல் வந்துவிட்டது என்றார்கள் சிலர். மலைமேல் ஊரில் நிலத்தகராறு, யாரோ இலை வைத்துச் சூனியம் செய்துவிட்டார்கள் என்றார்கள் சிலர். எண்ணெய் தேய்த்து நீவிவிடும் கிழவி ஒருத்தியிடம் வைசாகே அழைத்துப் போனான். அவள் வயிற்றைத் தடவிப் பார்த்து, உள்ளே ஏதோ கெட்டியாக இருக்கிறது, காற்று அடைத்திருக்கிறது என்று சொல்லி, கசாயம் கொடுத்தாள். கெட்டியாக இருந்தது உண்மை. காற்று அல்ல.

மாதம் ஒருமுறை வரும் நர்ஸ் அவளைப் பார்த்ததும் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். "என்னக்கா இது, உள்ள காகிதம் மாதிரி வெளுத்திருக்கு" என்று சொல்லி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாள். நவுசோரிக்குப் போய் ரத்தம் சோதித்துப் பார்க்கச் சொன்னாள். உனைசி மாத்திரையை வெறும் வயிற்றில், கறுப்புத் தேநீரோடு விழுங்கினாள். குமட்டியது. மலச்சிக்கல் வந்தது. நாலாம் நாள் மலம் கறுப்பாகப் போனதும் பயந்துவிட்டாள். உள்ளே குடல் அழுகிவிட்டது, மாத்திரைதான் அழுக வைத்தது என்று முடிவு செய்தாள். மீதியைக் கோழிகளுக்குப் போட்டாள். கோழிகள் கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டன. ரத்தச் சோதனைக்கு அவள் போகவில்லை. நவுசோரிக்குப் போவதே சந்தை நாளில்தான்; குவியலை விட்டு நகர முடியாது.

சில மாதங்கள் கழித்து, மழை விட்டு ஆறு தெளிந்திருந்த ஒரு காலையில் அது நடந்தது. அன்று அவள் பேச்சில்லாமல் இறங்கினாள் என்று தித்திலியா சொன்னாள். கணுக்கால் வீங்கியிருந்ததைப் படகில் பார்த்துக் கேட்டதற்கு, "உப்பு ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். தித்திலியா ஒரு முங்கு போட்டுவிட்டு மேலே வந்தபோது உனைசியின் ட்யூப் தனியாக மிதந்துகொண்டிருந்தது. அதில் புதுமை ஒன்றும் இல்லை. இன்னொரு முங்கு போட்டு வந்தாள். ட்யூப் நீரோட்டத்தில் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. உனைசி ஒருபோதும் ட்யூபை நகர விடமாட்டாள்; கால் விரலில் கயிற்றைச் சுற்றியிருப்பாள்.

"அண்ணீ!" என்று கத்திக்கொண்டே தித்திலியா அந்த இடத்தில் முங்கினாள். கையில் தலைமுடி சிக்கியது. அதைப் பிடித்தே இழுத்து வந்தாள்.

கரையில் குப்புறப் போட்டு முதுகில் குத்தினார்கள். தண்ணீர் வந்தது. இருமினாள். கண் திறந்தாள். உதடு சாம்பல் நிறமாக இருந்தது.

"பேசு அண்ணி. ஏதாவது ஏசு" என்று தித்திலியா அழுதாள்.

உனைசி ஏசவில்லை. "இருட்டிடுச்சு" என்று மட்டும் சொன்னாள்.

மோட்டார் படகில் சாலை வரைக்கும், அங்கிருந்து மரவள்ளி ஏற்றிப்போக நின்ற வேனில் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். நானும் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் முடிவைப் பார்த்துவிட்டு, இயந்திரம் தவறு செய்திருக்கும் என்று மறுபடி எடுக்கச் சொன்னார். இரண்டாவதும் அதேதான் வந்தது. பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் நாலுகூட இல்லை.

"இவங்க எப்படி வந்தாங்க? ஸ்ட்ரெச்சர்லயா?" என்று டாக்டர் கேட்டார்.

"படகுலேருந்து இறங்கி வேன் வரைக்கும் நடந்துதான் வந்தா" என்றான் வைசாகே. "காலைல மட்டி எடுக்க முங்கினா."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். ரத்தம் மெல்ல மெல்லக் குறைந்ததால் உடம்பு அதற்கேற்பப் பழகிக்கொண்டது. இருக்கிற கொஞ்ச ரத்தத்தை வைத்து வேலை நடக்க, இதயம் இரண்டு மடங்கு வேகமாக அடித்து அடித்து, இப்போது வீங்கிப்போய்விட்டது. கால் வீக்கம் அதனால்தான். கருப்பையில் தேங்காய் அளவுக்குக் கட்டி இருக்கிறது. ரத்தம் போனது அதனால். "எத்தனை வருஷமா போகுதும்மா?" என்று உனைசியிடம் கேட்டார்.

அவள் வைசாகேயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஆம்பளைங்க வெளிய போகட்டும்" என்றாள்.

ரத்தம் ஏற்ற வேண்டும். இருப்பு குறைவாக இருந்தது; எடுப்பதற்கு ஈடாக உறவினர் கொடுக்க வேண்டும் என்றார்கள். மறுநாள் ஒரு லாரி நிறைய ஊர்க்காரர்கள் வந்தார்கள். உனைசிக்காகக் கையை நீட்டாதவர் இல்லை. ஆனால் மேசைக்கு முன்னால் வரிசை கரைந்தது. ஆண்களில் சிலருக்கு ரத்த அழுத்தம், சிலருக்குச் சர்க்கரை. இரண்டு பேர் விடிய விடிய யங்கோனா குடித்துவிட்டு நேராக வந்திருந்தார்கள். அவர்களைத் தூங்கிவிட்டு வரச் சொன்னார்கள். நானும் இன்னும் மூன்று பேரும் தேறினோம்.

பெண்கள் வரிசைதான் எங்களை உலுக்கியது. முதலில் நின்றவள் தித்திலியா. ஆள் மரம்போல இருப்பாள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்த பெண், "அக்கா, நீங்க குடுக்க முடியாது. உங்களுக்கே ரத்தம் பத்தல" என்றாள்.

"எனக்கா? என்னைப் பாத்துச் சொல்லு. மூட்டை மட்டியை ஒத்தையில தூக்குறவ நான்."

"தூக்குங்க. ஆனா ரத்தம் கம்மி."

அடுத்தவளுக்கும் அதே பதில். அதற்கடுத்தவளுக்கும். வந்திருந்த, ஆற்றில் முங்குகிற பெண்களில் ஒரே ஒருத்தி தேறினாள். அவள் பிள்ளை பெறாதவள். மற்றவர்கள் விரல் நுனியில் பஞ்சை அழுத்திக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னும் ரத்தம் தேவைப்பட்டது. வைசாகேக்கு ஒரே வழிதான் இருந்தது. அது அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழி. மலைமேல் ஊருக்குப் போய் உனைசியின் பிறந்த வீட்டாரைக் கேட்க வேண்டும். வெறுங்கையோடு போக முடியாது. நல்ல யங்கோனா வேராகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, பேச என்னையும் கூட்டிக்கொண்டு போனான்.

உனைசியின் மூத்த அண்ணன் இலியேசா. மலைச்சாலையில் ஜல்லி லாரி ஓட்டுபவர். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வேர்க்கட்டை முன்னால் வைத்து, முறைப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னேன். உங்கள் வீட்டுப் பெண் படுத்திருக்கிறாள், நாங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை, தலைகுனிந்து கேட்க வந்திருக்கிறோம் என்றேன். இலியேசா வேரைத் தொடவில்லை; தொட்டால்தான் கேட்டதை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம்.

"எங்க தங்கச்சி இங்கேருந்து போகும்போது கன்னம் கொய்யாப்பழம் மாதிரி இருந்துச்சு" என்றார். "போன கிறிஸ்துமஸுக்கு வந்தா. எங்கம்மா அவளைப் பாத்துட்டு, இது யாருன்னு கேட்டாங்க. என்னய்யா மச்சான், நீ அதைப் பாக்கலியா? தினம் பக்கத்துல படுக்குறவன் நீதானே?"

வைசாகே தலையைத் தூக்கவில்லை. "பாத்தேன்."

"பாத்து?"

"வயசாகுதுன்னு நெனச்சேன் மச்சான்."

"உனக்கு முன்னாடியே அவளுக்கு வயசாகுமா? நீ என்ன, ஊறுகாயா, அப்படியே இருக்க?"

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். வைசாகே அழுதுகொண்டிருந்தான். சத்தமில்லை, பாயில் சொட்டு விழுந்தது தெரிந்தது. இலியேசா அதைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி வேர்க்கட்டைத் தொட்டார். அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அன்றே ஜல்லி லாரியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினார்.

முதல் பை ரத்தம் ஏறியதும் உனைசியின் உதட்டில் நிறம் வந்தது. எல்லோருக்கும் நிம்மதி. இரண்டாவது பை ஏறிக்கொண்டிருக்கும்போது அவள் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாள். நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் சத்தம் வந்தது. தித்திலியா நர்ஸைக் கூப்பிட்டு ஓடினாள். ரத்தத்தை நிறுத்தி, ஆக்சிஜன் வைத்து, சிறுநீர் பிரியும் ஊசி போட்டார்கள். களைத்துப்போன இதயம் அத்தனை திரவத்தைத் தள்ள முடியாமல் நுரையீரலில் தேங்கிவிட்டது என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அடுத்த பையைச் சொட்டுச் சொட்டாக, நர்ஸ் பக்கத்திலேயே நின்று ஏற்றினார்கள்.

"ஆத்துல மூழ்கினது போதாதுன்னு கட்டில்லயும் மூழ்கப் பாத்தியே அண்ணி" என்று தித்திலியா பின்னால் சொன்னாள்.

"உங்கண்ணன் வீட்டு ரத்தம் போல. அதான் ஒத்துக்கல" என்றாள் உனைசி. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அதுதான் அவள் பேசிய முதல் கேலி. இலியேசா உடனே, இனி அவளுக்குள் ஓடுவது மலை ரத்தம்தான் என்றும், ஆற்றுக்காரர்கள் அவளிடம் இனி மரியாதையாகப் பேச வேண்டும் என்றும் அறிவித்தார். யாருடைய ரத்தம் யாருக்குப் போனதென்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை. அதனால் இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

உடம்பு கொஞ்சம் தேறியதும் கருப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். எப்படிச் சொல்வது என்று வைசாகே திணறினான். உனைசி நேராக டாக்டரிடம் கேட்டாள்.

"எடுத்துட்டா அப்புறம் ரத்தம் போகாதா?"

"போகாது."

"அப்ப எடுத்துடுங்க."

அதற்கு அவள் அழவில்லை. ஆபரேஷன் முடிந்து, வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் அழுதாள். இதயம் மீண்டும் சுருங்க மாதக்கணக்கில் ஆகும், முழுசாகச் சுருங்குமா என்று சொல்ல முடியாது, இனிமேல் முங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார்.

"முங்காம எப்படி?" என்றாள்.

"வேற வேலை பாருங்கம்மா."

"நான் வேற என்ன?" என்று கேட்டுவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் சில மாதங்கள் அவளோடு இருப்பது கஷ்டமாக இருந்தது என்று வைசாகேயே சொல்லியிருக்கிறான். காலையில் பெண்கள் ட்யூபைத் தூக்கிக்கொண்டு போகும் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் போய்விடுவாள். இரும்புச்சத்து மாத்திரையை இந்த முறை விடவில்லை. தேநீரோடு அல்ல, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு, சாப்பிட்ட பிறகு விழுங்கச் சொல்லியிருந்தார்கள். மலம் கறுத்தால் மருந்து போய்ச் சேர்கிறது என்று அர்த்தம், பயப்பட ஒன்றும் இல்லை என்று நர்ஸ் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் வீட்டு அடுப்படிகளில் பேசப்படாத விஷயம் அது. நர்ஸ் சொன்ன பிறகு உனைசி ஊர் முழுக்கச் சொன்னாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள்: நாம் எடுத்து விற்கிற மட்டியில்தான் நமக்கு இல்லாத இரும்பு இருக்கிறதாம். அன்றிலிருந்து அவள் வீட்டில் முதல் சட்டி மட்டி வீட்டுக்குத்தான், தேங்காய்ப்பாலில்.

ஐஸ் ஆசை தானாகவே போய்விட்டது. என்றைக்குப் போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆனால் தித்திலியா, ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைத் தொடவே இல்லை. உனைசி ஒருநாள் அதைக் கண்டுபிடித்துச் சண்டைக்குப் போனாள்.

"அண்ணி, நீ உன் மாத்திரையைக் கோழிக்குப் போட்டவ. எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா?"

"அதனாலதான் சொல்றேன், எருமை. உன் முடியைப் பிடிச்சு இழுக்க எனக்கு இப்ப தெம்பு இல்ல. நீ மூழ்கினா போனவதான்."

தித்திலியா ட்யூபைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டாள். மாத்திரை விழுங்கினாளா என்பது தெரியவில்லை.

அந்த வருஷக் கடைசியில் ஊர்க்கூட்டம் நடந்தது. கோயில் கூரை, படகுத்துறைப் படி என்று பேசி முடித்து, வேறு ஏதாவது உண்டா என்று பெரியவர் கேட்டார். பெண்கள் பக்கம் பின்னால் உட்கார்ந்திருந்த உனைசி எழுந்தாள். நர்ஸைக் கூப்பிட்டு ஊரில் எல்லாப் பெண்களுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்றாள்.

"அது பொம்பளைங்க சமாச்சாரம். நீங்களே பேசிக்கலாமே" என்றார் பெரியவர்.

"நாங்க பேசிக்கிறதே இல்ல பெரியப்பா. அதான் விஷயம்" என்றாள். பிறகு சொன்னாள்: மூன்று வருஷம் மாதாமாதம் தனக்கு எவ்வளவு ரத்தம் போனது, எந்தத் துணியைக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள், வெயிலில் நிற்கும்போது காதுக்குள் என்ன இரைச்சல் கேட்டது, பிள்ளையைத் தூக்கினால் நெஞ்சு எப்படி அடித்தது என்பதையெல்லாம். குரலை உயர்த்தவில்லை. நடுவில் ஒருமுறை மூச்சுக்காக நிறுத்தினாள். ஆண்கள் எல்லோரும் பாயின் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.  வைசாகே மட்டும் நிமிர்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் உட்கார்ந்தாள்.  "நர்ஸுக்குச் சொல்லி அனுப்புங்க" என்றார் பெரியவர். கூட்டம் முடிந்தது.

நர்ஸ் வந்து கூடத்தில் மேசை போட்டாள். ஆற்றில் முங்கும் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தம் குறைவு. இரண்டு பேரை நவுசோரிக்கு அனுப்பினார்கள். ஒருத்திக்கு உனைசியைப் போலவே கட்டி இருந்தது, சின்னதாக. குடற்புழுவுக்கும் மருந்து கொடுத்தார்கள். தித்திலியா வரிசையில் கடைசியாக வந்து நின்றாள். வீட்டு மாத்திரையெல்லாம் தீர்ந்துவிட்டதாகவும், வேறு வேண்டும் என்றும் நர்ஸிடம் சொன்னாள். உனைசி காதில் விழாததுபோல இருந்தாள்.

இதெல்லாம் நடந்து எட்டு வருஷம் ஆகிறது. இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்க வருஷம் ஒருமுறை உனைசியைக் கூப்பிடுகிறார்கள். வீக்கம் பெரும்பாலும் வற்றிவிட்டது, முழுசாக அல்ல. பாட்டுக்குழுவுக்குத் திரும்பினாள், நீளமான இழுப்புகளில் உதட்டை மட்டும் அசைப்பாள். ஆற்றில் இறங்குவதில்லை. பெண்கள் முங்கும்போது படகில் உட்கார்ந்திருப்பாள். ஒரு ஆள் மேலே இருந்து ட்யூப்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர்களே வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. அதற்காக ஆளுக்குக் கொஞ்சம் மட்டி அவள் வலையில் போடுவார்கள். சந்தையில் அவள் குரல் முன்போலவே கேட்கும்.

படகில் ஏறுமுன் யாருடைய முகமாவது சரியில்லை என்று பட்டால் இமையை இழுத்துப் பார்ப்பாள். போன மாதம் அப்படி ஒரு புது மருமகளை இறங்காதே என்று திருப்பி அனுப்பிவிட்டாள். பிள்ளை பெற்று மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணின் புருஷன் இளைஞன், கோபக்காரன். மறுநாள் சந்தைக்கு மட்டி இல்லையே என்று சாயங்காலம் துறைக்கு வந்து நின்றான். உனைசி மட்டி வாளியோடு கரைப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"என் பொண்டாட்டியைத் தடுக்க நீங்க யாரு அத்தை?" என்று மேலே நின்று கத்தினான்.

உனைசி பாதிப் படியில் நின்றாள். வாளியைக் கீழே வைத்தாள். பேச முடியவில்லை. ஒரு கையை இடுப்பில் வைத்து, இன்னொரு கையை உயர்த்தி, பொறு என்று காட்டினாள். தோள் ஏறி இறங்கியது. அவன் மறுபடி வாயைத் திறந்தான். அவள் கையை இன்னும் உயர்த்தினாள். துறையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையைத் தாண்டிப் பேச அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. நின்றான்.

மூச்சு திரும்பியதும் அவள் வாளியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"இதை உன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ. அவளுக்கு ஆக்கிப் போடு. விக்காதே. நாளைக்கு நர்ஸ் வர்றா, நீயே கூட்டிட்டு வா. இப்ப ஏசு, கேக்குறேன்."

 வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் நர்ஸின் மேசைக்குப் பக்கத்தில், மனைவிக்குப் பின்னால், குழந்தையை வைத்துக்கொண்டு அவன் நின்றிருந்ததை நான் பார்த்தேன்.